ஆளைத் தள்ளாத ஏணி

அன்று விடிந்ததும் நான் செய்த முதல் காரியம், எனக்குத் தம்பி முறையான ராசுவின் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த மூங்கில் ஏணியை உருவிக்கொண்டு ஓடியதுதான். திருடவில்லை. அது எங்கள் ஏணி. என் வீட்டுக்காரர் செல்லமுத்து தன் கையால் வெட்டி, கணுவுக்குக் கணு குச்சி விட்டுப் படி வைத்தது. மூன்று ஆள் உயர மூங்கிலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஒரு பொம்பளை ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? நாய்கள் குரைத்தன. கதவுகள் திறந்தன. ராசு வாயில் வேப்பங்குச்சியோடு பின்னாலேயே ஓடி வந்தான்.

நேராக மூன்று தடம் சேருகிற இடத்துக்குப் போய் ஏணியைப் போட்டேன். இடுப்பில் செருகியிருந்த மண்ணெண்ணெய் பாட்டிலையும் தீப்பெட்டியையும் எடுத்து அதன் மேல் வைத்தேன். அதைப் பார்த்ததும் நாய்களைத் தவிர எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏனென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியைச் சேர்ந்தது. மிளகுதான் எங்களுக்குச் சோறு. சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் கொடி ஏறியிருக்கும். அதில் மூங்கிலைச் சாத்தி ஏறித்தான் பறிக்க வேண்டும். எந்த ஏணியாவது ஆளைக் கீழே தள்ளிவிட்டால் அந்த ஏணி அப்புறம் ஊரில் நிற்கக்கூடாது. மூன்று தடம் சேருகிற இடத்தில் வைத்து எரித்துவிட வேண்டும். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன்தான் தீ வைக்க வேண்டும். இது எங்கள் ஊர் வழக்கம்.

ராசுதான் பார்த்தவன். பார்த்ததாகச் சொன்னவன்.

நடந்தது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரர் தோட்டத்து மரத்தில் ஏணியைச் சாத்தியபடி விட்டுவிட்டு, மிளகுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலூர்பட்டி ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார். கூட ராசு. ஏரிப் படகுத்துறைக்குச் சுற்றுலா வந்த ஒரு கார் வளைவில் தறிகெட்டு வந்து அவரை அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரைப் பார்த்தவன் ராசு. நினைவு தப்பிக் கிடந்த அவரை ஒரு பால் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் ராசு. அந்த மட்டுக்கும் அவன் தங்கமான பையன்தான்.

ஆஸ்பத்திரியில் மெர்சி என்று ஒரு நர்ஸம்மா. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர், நல்ல மனுஷி. பறிப்புக் காலத்தில் கால் ஒடிந்து வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகிவிட்டது. ஆளைக் கண்டதுமே, மரத்திலிருந்து விழுந்தாரா என்று கேட்டிருக்கிறார். ராசு தலையை ஆட்டிவிட்டான். அதற்கு முந்தின வருஷம் ஒரு லாரி மோதியதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவர், பறிப்பு முடிகிற வரைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்ததை இவன் பார்த்திருந்தான், அந்தப் பயம். ஒரு தலையாட்டு. அவ்வளவுதான். நர்ஸம்மா எழுதிவிட்டார்.

அந்தத் தலையாட்டுதான் ஆறு வருஷம் எங்களைத் தின்றது. ராசு எங்களிடம் சொன்ன கார் நம்பரை வைத்து நாமக்கல் கோர்ட்டில் நஷ்ட ஈட்டுக்குக் கேஸ் போட்டோம். காரைப் பார்த்தது யார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது. ராசு என்றோம். அந்த ராசு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார் என்று கேட்டது. அதற்கு மேல் எங்கள் வக்கீல் அர்த்தனாரியால் ஒன்றும் பேச முடியவில்லை. ராசுவோ கோர்ட் என்றாலே காட்டுக்குள் ஓடினான். பொய் சொன்னதற்குப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள். பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஜட்ஜ் மாறினார், வாய்தா. வக்கீல்கள் வரவில்லை, வாய்தா. நோய்க்காலம், வாய்தா. கம்பெனித் தரப்பு அவகாசம் கேட்டது, வாய்தா. ஒவ்வொரு தடவையும் எழுபது வளைவு இறங்கிப் போய், ஒரு தேதியை வாங்கிக்கொண்டு எழுபது வளைவும் ஏறி வருவோம். என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வளைவிலும் முட்டி வலிக்கும். எனக்கு வயிறு எரியும்.

காசு வந்தால் முட்டியைச் சரிசெய்யலாம், அது இருக்கட்டும். அவருக்குக் காசு பெரிதல்ல. மரத்திலிருந்து விழுந்தவன் என்ற பேர்தான் அவரைக் கொன்றது. மலையில் அவர் அளவுக்கு ஏறுகிறவர் கிடையாது. மழை நனைத்த மரத்தில்கூட ஏறுவார். அப்படிப்பட்ட மனுஷனைச் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு மிளகு வியாபாரி, கோர்ட்டிலேயே நீ விழுந்ததாகத்தானே இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தான். அன்றோடு அவர் சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். ஏணியைத் தொடுவதையும் விட்டுவிட்டார். மழையில் கிடந்து வீணாகிறதே என்று நான்தான் அதைத் தூக்கி ராசுவிடம் கொடுத்தேன்.

நான் ஏணியை இழுத்துக்கொண்டு ஓடியதற்கு முந்தின நாள் சாயங்காலம் வக்கீல் போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் ஜட்ஜ் இனி வாய்தா கிடையாது என்று சொல்லிவிட்டாராம். நாளைக்கு எங்கள் சாட்சி வந்தால் உண்டு, வராவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அடுத்த நிமிஷமே ராசுவை நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. போனை வைத்துவிட்டு அவன் வீட்டுப் பக்கம் பார்த்தேன். சுவரோரம் ஏணி நின்றது. மண்டைக்குள் பளிச்சென்று ஒன்று அடித்தது. இத்தனை வருஷமாக இந்தப் பயல் எந்த ஏணியில் ஏறுகிறான்? என் வீட்டுக்காரரைத் தள்ளியது என்று சொன்னானே, அதே ஏணியில்தானே!

அதனால்தான் அந்தக் காலை ஓட்டம்.

ராசு மூச்சிரைக்க வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி கண்ணாயி. நான் தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"நீதான பாத்தவன். வெய்யி தீய. இந்த ஏணி உம் மாமனைத் தள்ளுச்சின்னா, இத்தன வருசம் இது ஊருக்குள்ள நின்னதே தப்பு."

அவன் என்னைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். கூட்டமும் அவனைத்தான் பார்த்தது. கண்ணாயியின் முகம் வெளிறிப்போனது. ஆளைத் தள்ளிய ஏணியில் தன் புருஷன் வருஷா வருஷம் ஏறுகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டி சும்மா நிற்பாள்? அவள் ராசுவின் சட்டையைப் பிடித்து, நிஜமாகவே தள்ளியதா என்று கேட்டாள். ஒரு குச்சியை எடுத்துக் கிழித்தான். அது பற்றி எரிந்து அவன் விரலைச் சுட்டது. கீழே போட்டான். இன்னொன்றைக் கிழித்தான்.

அதற்குள் என் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஏணி கிடந்த கிடையைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தொடாத ஏணியின் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, அடிப் படியில் கை வைத்தார்.

"ராசு, இதை எரிக்காத சாமி. இது என்னையத் தள்ளல."

அவ்வளவுதான். ராசு தீப்பெட்டியை வீசிவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை. பஸ் போயிருக்கும். அழுவதைக் கோர்ட்டில் வைத்துக்கொள்ளலாம் வாடா என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டான்.

"வாரேங்க்கா. ஆனா ஏணியும் வரோணும். அது பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்."

மூன்று ஆள் உயர ஏணியைக் கோர்ட்டுக்கா? எனக்குப் பிடித்த பைத்தியம் இவனுக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் வருகிறேன் என்று வாய் திறந்தவனை யார் விடுவார்கள்? ஏணி என்ன, அந்த மரத்தையே பிடுங்கிக்கொண்டு வா என்றாலும் வந்திருப்பேன்.

எங்கள் ஊர் யுவராஜ் அன்னாசி ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பிக்கப் வண்டி. முன்னால் என் வீட்டுக்காரர், பின்னால் அன்னாசி மேல் நானும் ராசுவும், எங்கள் தலைக்கு மேல் கயிற்றில் கட்டிய ஏணி. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் அது நீட்டிக்கொண்டிருந்தது. முதல் வளைவிலேயே அதன் வால் பாறையில் உரசியது. இரண்டாவது வளைவில் எதிரே ஏறி வந்த பஸ்ஸின் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்கள் பரம்பரையையே விசாரித்தார். அப்புறம் ஒவ்வொரு வளைவுக்கும் ராசு எழுந்து நின்றுகொண்டு, வலப்பக்கம் வலப்பக்கம் என்றும், நிறுத்து நிறுத்து என்றும் கத்தினான். எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்னாசி முள் குத்தியது கூட எனக்கு உறைக்கவில்லை.

காரவள்ளிச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் கையைக் காட்டினார். காட்டு மூங்கிலைக் கீழே இறக்கச் சீட்டு வேண்டுமாம். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே குதித்து ஆறு வருஷக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் விழித்தார். ஏணிக்கு எதற்குக் கோர்ட் என்று கேட்டார். சாட்சிக்கு என்றேன். அவர் வண்டியில் ஏறி, கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிப்போன படிகளைத் தடவிப் பார்த்தார். பழைய ஏணிதான், போங்கள், ஆனால் சாயங்காலம் திரும்பும்போது இதே ஏணி திரும்பி வர வேண்டும் என்றார். வரும் சாமி, விட்டால் போதும் என்று கும்பிட்டேன்.

கோர்ட் வாசலில் வேறு ரகளை. டவாலிச் சேவகர் ஏணியை உள்ளே விடமாட்டேன் என்றார். நியாயம்தான், அது எந்தக் கதவுக்குள்ளும் நுழையாது. வராண்டாவுக்கு வெளியே, ஜட்ஜ் உட்காருகிற ஹாலின் ஜன்னலை ஒட்டிச் சாத்தினோம். வக்கீல் அர்த்தனாரி கறுப்புக் கோட்டோடு வெளியே வந்து ஏணியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அடுத்தபடி ராசுவைப் பார்த்தார். தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். எங்கள் பேரை அப்போதுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி வக்கீல் எழுந்து, மெர்சி நர்ஸை விசாரிக்க வேண்டும், அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார், அவகாசம் வேண்டும் என்றார். எனக்குப் பழைய எரிச்சல் பொங்கி வந்தது. வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்தினார். ஜட்ஜ் அவசரப்படாமல், நர்ஸ் எழுதியதை யாரும் மறுக்கவில்லை, அதை அவரிடம் சொன்னவர் இன்றைக்கு வந்திருக்கிறார் போலிருக்கிறதே, அவரைக் கேட்போம் என்றார். ஆறு வருஷத்தில் அந்த ஹாலில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

ராசு கூண்டில் ஏறினான். சத்தியம் வாங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே ஏணி தெரிந்தது. மடமடவென்று சொல்ல ஆரம்பித்தான். காரின் நிறம், நம்பர், வளைவு, சிதறிய மிளகு, பால் வண்டி, ஆஸ்பத்திரி, அந்தத் தலையாட்டு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் யாரும் கேட்காமலே, தன்னை ஜெயிலில் போடுவதென்றால் போடலாம், பறிப்பு முடிந்ததும் தானே வந்துவிடுவதாகச் சொன்னான். ஹாலில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் சிரிக்கவில்லை. அவர் வேலையை அவர் செய்தார். அன்றைக்குச் சொன்னது பொய் என்கிறீர்கள், இன்றைக்குச் சொல்வது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது, சொந்தக்காரருக்காக மாற்றிச் சொல்கிறீர்கள்தானே என்று கேட்டார். சரியான கேள்விதான். ராசு தலையைச் சொறிந்தான். பிறகு ஜன்னலைக் காட்டினான்.

"அந்த ஏணிங்க. அதுலதானுங்க அன்னைக்கு மாமா பறிச்சது. அதுலதான் இப்ப நான் ஏறறேன். ஆளைத் தள்ளுன ஏணியில எங்க ஊர்ல ஒருத்தனும் கால் வெக்கமாட்டானுங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்குதுங்க."

ஜட்ஜ் அந்த வழக்கத்தைப் பற்றி விவரமாகக் கேட்டார். பிறகு எழுந்து ஜன்னலருகே வந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, ஏணியை அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். ஏணியைச் சான்றாவணமாக எடுத்துக்கொள்ள முடியாது, வைக்கவும் இடமில்லை என்று எங்கள் வக்கீலிடம் சொன்னார். ஆனால் ராசு சொன்ன ஒவ்வொரு சொல்லையும் டைப் செய்பவருக்குச் சொல்லி எழுத வைத்தார். ஏணி பேச்சும் அதில் ஏறியது.

எழுதி முடிந்ததும் என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் காலிலேயே எழுந்து நின்றார். நஷ்ட ஈடு, முட்டி, வலி எதையும் சொல்லவில்லை.

"நான் மரத்துல இருந்து உழுகலீங்க ஐயா."

"எழுதியாச்சுப்பா" என்றார் ஜட்ஜ்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்ததே, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கல்யாணத்தன்று பார்த்த முகம். தீர்ப்பு அடுத்த மாதம் என்று தேதி போட்டார்கள். தேதி என்றாலே எரிந்து விழுகிற நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். கம்பெனி வக்கீல் போகிற போக்கில் ஏணியடியில் நின்று, இதில் எப்படி ஐயா ஏறுகிறீர்கள் என்று ராசுவைக் கேட்டார். ஏறிப் பாருங்கள் என்றான் இந்த மடையன். அவர் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

வனக்காவலருக்குக் கொடுத்த வாக்கு தவறவில்லை. வெயில் தாழ்வதற்குள் காலி வண்டியில் ஏணியோடு மலை ஏறினோம். யுவராஜ் ஒவ்வொரு வளைவிலும் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான், சாமி ஊர்வலம் போல. ஊருக்குள் நுழைந்ததும் ராசு வழக்கப்படி ஏணியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போகப் பார்த்தான். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். எங்கள் தோட்டத்து முதல் மரத்தைக் காட்டி, அங்கே சாத்து என்றார்.

ராசு சாத்தினான். அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல காலை முதல் படியில் வைத்தார். கையால் மூங்கிலைப் பற்றி உடம்பைத் தூக்கினார். கெட்ட காலும் பின்னாலேயே வந்து படியில் நின்றது. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"போதும் இறங்குங்க" என்றேன்.

"இரு" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது படிக்குக் காலை எடுத்தார்.